உங்கள் வட்டாரத்துக்குப் படப்பிடிப்புகளை வரவழைப்பது எப்படி? கோவை–பொள்ளாச்சியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

"எங்க ஊர்ல இல்லாத லொகேஷனா?" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். வர்த்தக சபைக்காரர்கள், ஹோட்டல்காரர்கள், சினிமா ஆர்வமுள்ள இளைஞர்கள் என்று பத்துப் பேர் கூடுவார்கள். லோகோ தயாராகும். ட்ரோனில் மலையையும் தென்னந்தோப்பையும் எடுத்து ஒரு வீடியோவும் வெளிவரும். அதைப் பார்த்து ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் போன் செய்து, "அணைக்கரையில இரண்டு நாள் வேணும், யாரைப் பார்க்கணும், அனுமதிக்கு எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்பார். பதில் சொல்ல ஆள் இருக்காது. முயற்சி அங்கேயே படுத்துவிடும்.

படக்குழு இடத்தின் அழகுக்காக மட்டும் காசு கொடுப்பதில்லை. குறித்த நாளில் காலை ஆறு மணிக்குக் கேமரா ஓடும் என்ற உறுதிக்காகத்தான் கொடுக்கிறது. நடிகரின் கால்ஷீட், கேமரா வாடகை, ஜெனரேட்டர், யூனிட் முழுவதற்கும் பேட்டா என்று செலவு ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு கையெழுத்துக்காக ஒரு நாள் நின்றுபோனால் மலை எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. அதனால்தான் கீழே விளம்பரத்தை எட்டாவது படியில் வைத்திருக்கிறேன். வீட்டை ஒழுங்குபடுத்தாமல் விருந்தாளியைக் கூப்பிட்டால், வந்தவர் சென்னை போய் நாலு பேரிடம் சொல்லுவார்.

உதாரணங்கள் எல்லாம் கோவை வட்டாரத்திலிருந்து. வரிசை மட்டும் மதுரைக்கும் காரைக்குடிக்கும் இதேதான்.

1. முதலில் எல்லை, அடுத்து ஒரே ஒரு ஆள்

மாவட்ட எல்லையை வைத்து வட்டாரத்தை வரையாதீர்கள். யூனிட் தங்கும் லாட்ஜிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் வண்டி போய்ச் சேரும் இடமெல்லாம் உங்கள் வட்டாரம். பொள்ளாச்சியில் தங்கும் குழு ஒரு நாள் ஆனைமலைப் பக்கம் தோப்பில் எடுக்கும், மறுநாள் திருமூர்த்தி அணைக்குப் போகும். முன்னது கோவை மாவட்டம், பின்னது திருப்பூர் மாவட்டம். கோபிசெட்டிபாளையம் போனால் ஈரோடு, குன்னூர் ஏறினால் நீலகிரி, மேற்கே கொஞ்சம் நகர்ந்தால் கேரளா. படக்குழுவின் கண்ணுக்கு இந்த எல்லைகள் தெரியாது. அனுமதி வாங்கும்போதுதான் ஒவ்வொன்றும் சுவராக நிற்கும். அந்தச் சுவர்களைத் தாண்டிப் பேசும் ஏற்பாடு இல்லாவிட்டால் 'வட்டாரம்' என்ற சொல் வெறும் அலங்காரம்.

அடுத்து ஆள். குழு போட வேண்டாம். போன் எடுக்கும் ஒருவர் போதும். அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும், சினிமாத் தயாரிப்பும் தெரிய வேண்டும், தாலுகா ஆபீஸ் நடைமுறையும் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தவர் கிடைக்கவில்லை என்றால், படங்களில் மேனேஜராக வேலை பார்த்து ஊர் திரும்பியவரைப் பிடியுங்கள். அரசு நடைமுறையை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். ராத்திரி பதினொரு மணிக்கு "நாளைக்கு ஒரு மாட்டு வண்டி வேணும்" என்று கேட்டால் பதறாமல் இருப்பதைக் கற்றுக்கொடுக்க முடியாது.

இந்தச் சேவைக்குத் தயாரிப்பாளரிடம் கட்டணம் வாங்காதீர்கள். உலகம் முழுக்க ஃபிலிம் கமிஷன்கள் (தங்கள் ஊருக்குப் படப்பிடிப்புகளை வரவழைக்கும் அமைப்புகள்) பெரும்பாலும் அப்படித்தான் இயங்குகின்றன. வீட்டுக்காரர்களிடம் கமிஷன் வாங்குவது அதைவிட மோசம். நீங்கள் காட்டும் பட்டியல் கமிஷனுக்காகப் போட்டதா, கதைக்காகப் போட்டதா என்ற சந்தேகம் அன்றே வந்துவிடும். செலவை ஹோட்டல்காரர்களும் வர்த்தக சபையும் ஆண்டுச் சந்தாவாகப் பகிர்ந்துகொள்ளட்டும், லாபம் அவர்களுக்குத்தானே.

அடிக்கடி நடக்கும் தவறு: கட்சிக்காரரைத் தலைவராகப் போடுவது. ஆட்சி மாறினால் கதவும் மூடிக்கொள்ளும்.

2. எந்த இடத்துக்கு யார் கையெழுத்து?

எல்லா வேலையிலும் இதுதான் பெரியது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

ஒரு நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: இடம், சொந்தக்காரர், கையெழுத்துப் போடும் அதிகாரி, கேட்கும் ஆவணங்கள், உண்மையில் ஆகும் நாட்கள். கடைசிப் பத்தியை விதிப்புத்தகம் பார்த்து நிரப்பாதீர்கள். சமீபத்தில் அனுமதி வாங்கியவர்களைக் கேட்டு நிரப்புங்கள். தயாரிப்பாளருக்கு வேண்டியது அந்த எண்தான்.

ஒரே சாலையில் எத்தனை கதவுகள் என்று பாருங்கள். கோவையிலிருந்து பொள்ளாச்சி வரும் சாலை தேசிய நெடுஞ்சாலை 83. அதிலிருந்து பிரிந்து ஊருக்குள் போகும் தார்ச்சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ ஊராட்சியுடையதாகவோ இருக்கும். போலீஸ் பந்தோபஸ்து கோவை மாநகருக்குள் என்றால் கமிஷனர் அலுவலகம். பொள்ளாச்சி என்றால் மாவட்ட எஸ்.பி. பக்கம். ரயில்வேயில் இன்னும் வேடிக்கை: கோவை ஜங்ஷனும் ஊட்டி மலை ரயிலும் சேலம் கோட்டம், பொள்ளாச்சி ஜங்ஷன் பாலக்காடு கோட்டம். ஸ்டேஷன் மாஸ்டரிடம் டீ குடித்துப் பேசி வாங்கும் விஷயம் இல்லை இது. ரயில்வே அனுமதி மேலிடத்திலிருந்துதான் வர வேண்டும். ஸ்டேஷன் காட்சி இருக்கிறது என்று தெரிந்த அன்றே மனுப் போட வேண்டும்.

அணைகள் நீர்வளத் துறையிடம். பெரிய கோயில்கள் பெரும்பாலும் அறநிலையத் துறையிடம். சின்ன ஊர்க்கோயில்கள் பல பங்காளிகளின் கையில், அங்கே கடிதத்தைவிடப் பேச்சு முக்கியம்.

காட்டை மட்டும் தனிச் சிவப்பு மையில் எழுதுங்கள். டாப்ஸ்லிப் ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வால்பாறை சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பெரும்பகுதி காட்டுக்குள்தான் ஏறுகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் படம் எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். 2022 திருத்தம், வாழிடத்தில் மாற்றமோ கெடுதலோ ஏற்படுத்தாமல்தான் படம் எடுக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதாவது செட் போடுவது, புகை விடுவது, ராத்திரி லைட் அடிப்பது எல்லாம் நினைப்பிலேயே வேண்டாம். புதியவர்கள் இங்கேதான் "பேசிக்கலாம் சார்" என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். காட்டுக் காட்சி கேட்டு வருபவருக்குத் தனியார் எஸ்டேட்டையோ காட்டை ஒட்டிய பட்டா தோப்பையோ மாற்றாகக் காட்டத் தயாராக இருங்கள்.

ட்ரோனுக்கு 2021 விதிகள் பொருந்தும். அரசின் ட்ரோன் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் பச்சை மண்டலம் என்றால் 400 அடி உயரம் வரை தனி அனுமதி வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வளையத்துக்குள் அது 200 அடி. கோவையில் பீளமேடு விமான நிலையமும் உண்டு, சூலூர் விமானப்படைத் தளமும் உண்டு. நகரத்தின் கிழக்குப் பக்கம் ஷாட் கேட்டால் முதலில் வரைபடத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களுக்குப் பொறுப்பு தயாரிப்பாளர்தான். ஆனாலும் வெளியூர்க் குழுக்கள் மறப்பது இவற்றைத்தான், முன்கூட்டியே நினைவுபடுத்துங்கள். ஒன்று, விலங்குகள். பொள்ளாச்சிச் சந்தை மாடாகவே இருந்தாலும், நடிக்க வைத்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் சென்சாரில் நிற்கும். இரண்டு, குழந்தைகள். குழந்தை நடிகர்களுக்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. சம்பளத்தில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் "பத்துப் பசங்க வேணும்" என்று கேட்டு வருபவரிடம் இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

3. லொகேஷன் அட்டை: அழகான போட்டோ போதாது

புதியவர்கள் அனுப்பும் ஆல்பங்களில் சூரிய அஸ்தமனம் நிறைய இருக்கும். ஜெனரேட்டர் வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்பது மட்டும் தெரியாது.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்க அட்டை தயார் செய்யுங்கள். ஒரே புள்ளியில் நின்று நாலு திசைக்கும் நாலு படம், ஒவ்வொன்றிலும் எடுத்த தேதியும் மணியும். அழகில்லாத திசையையும் எடுங்கள். லைட்மேன்கள் நிற்பதும் கேரவன் நிற்பதும் அங்கேதான். ஆழியாறு அணைக்கு அட்டை இப்படி இருக்கலாம்:

"தெற்கிலும் மேற்கிலும் மலை. காலை வெயில் மலை மீது நேராக விழும், மதியத்துக்கு மேல் மலை இருண்டு நிழல் உருவமாகத் தெரியும். நீர்மட்டம் பாசனத் திறப்பைப் பொறுத்து மாறும். படத்தில் தெரியும் மண்கரை அடுத்த மாதம் தண்ணீருக்குள் இருக்கலாம். வார இறுதியில் சுற்றுலாக் கூட்டம், சத்தம். தங்குமிடம் பொள்ளாச்சி. பெரிய ஆஸ்பத்திரியும் அங்கேதான். மேலே வால்பாறைக்குப் போகும் திட்டம் இருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே கனரக வண்டிகள் இறங்கும்படி நேரம் போடவும்."

இதோடு சாலையின் அகலம், தாழ்வான மின்கம்பி, செல்போன் சிக்னல், பக்கத்து மில் சத்தம், கோயில் ஒலிபெருக்கி ஆகியவற்றையும் சேருங்கள். டைரக்டர் படத்தைப் பார்ப்பார்; மேனேஜர் இந்த வரிகளைத்தான் படிப்பார். முடிவு பெரும்பாலும் மேனேஜர் கையில்.

வருடம் ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் வேர் வாடல் நோய் வந்து தென்னைகளை வெட்டியிருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய போட்டோவை நம்பி ரெக்கிக்கு (படப்பிடிப்புக்கு முன் இடம் பார்க்க) வந்தவர் மொட்டைக் காட்டில் நின்றால் உங்கள் பட்டியல் முழுவதும் பொய் என்று நினைப்பார். ஓட்டு வீடுகளும் அப்படித்தான். மகனுக்குக் கல்யாணம் என்றால் முன்பக்கம் டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள்.

4. வீட்டுக்காரரும் ஊர்க்காரரும்

பிரச்சினை ஆபீசில் கிளம்புவதைவிட இங்கே கிளம்புவதுதான் அதிகம்.

பாதிக் காட்சி எடுத்த பிறகு வாடகை ஏறுவது பழைய கதை. கண்டின்யூட்டி (ஒரே காட்சியில் இடம் மாறாமல் தெரிவது) இருப்பதால் யூனிட்டால் வேறு வீட்டுக்குப் போக முடியாது என்பது வீட்டுக்காரருக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிடும். மறுபக்கம் யூனிட்டும் சளைத்ததில்லை. ஒரு பாட்டி என்னிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "ஏனுங்க தம்பி, ஒரு நாள்னுதான் கேட்டாங்க. நாலு நாளாச்சுங்க. செவுத்துக்கெல்லாம் நீலம் பூசிட்டு அப்படியே போயிட்டாங்க, இனி எவன் வந்து அழிப்பான்?" அந்தத் தெருவில் அப்புறம் வெகு காலம் யாரும் வீடு கொடுக்கவில்லை. ஒரு யூனிட் செய்ததற்கு அடுத்து வந்தவர்கள் எல்லாரும் அலைந்தார்கள்.

அதனால் தமிழில், இரண்டு பக்கத்துக்கு மிகாமல், ஒரு மாதிரி ஒப்பந்தம் வைத்திருங்கள். எந்த அறைகள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, நாள் நீடித்தால் என்ன விலை, பேட்ச் ஒர்க் (விட்டுப்போன ஷாட்கள்) எடுக்கத் திரும்பி வந்தால் என்ன விலை, சுவரை யார் பழைய நிறத்துக்குக் கொண்டுவருவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பேட்ச் ஒர்க் விலையை முதல் நாளே எழுதிவிட்டால் பாதிச் சண்டை இல்லை. சேதத்துக்கு ஒரு டெபாசிட் வாங்கி உங்கள் அலுவலகமே வைத்திருந்து, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட பிறகு திருப்பிக் கொடுப்பது நல்லது. வேலை செய்வதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்துவைக்க மறக்காதீர்கள்.

ஊர் முழுவதும் சம்பந்தப்பட்ட காட்சி என்றால் ஒரு தரப்புப் பெரியவரை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கோயிலுக்கு நன்கொடை என்று ஒருவரிடம் கொடுத்தால் மற்றத் தெரு கேள்வி கேட்கும். ஊராட்சியில் எல்லாருக்கும் தெரியும்படி பேசி, ரசீதோடு கொடுங்கள். கதையில் வரும் ஊர்ப்பெயர், சாமி பெயர், சாதி அடையாளம் ஏதாவது உறுத்துமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். படம் வெளியான பிறகு வரும் கோபத்தைத் தாங்கப்போவது ஊரிலேயே இருக்கும் நீங்கள்தான்.

குப்பையும் இதில் சேரும். நூற்றைம்பது பேர் மூன்று வேளை சாப்பிட்டால் எச்சில் இலையும் பேப்பர் கப்பும் மலைபோல் சேரும். தெர்மாகோல் தோப்பெல்லாம் பறக்கும். அதை அள்ளும் ஆளை நீங்களே ஏற்பாடு செய்து பில்லில் சேர்த்துவிடுங்கள். யூனிட் செய்யும் என்று விட்டால் நடக்காது.

5. ஆள், வண்டி, சாப்பாடு

கேமரா, லைட், மேக்கப் என்று தொழில்நுட்ப வேலைகளுக்குத் தமிழ்ப் படக்குழு ஃபெப்சி என்ற தொழிலாளர் கூட்டமைப்பின் உறுப்பினர்களோடுதான் வரும். மலையாளக் குழுவுக்கு அதே போன்ற ஃபெஃப்கா. அந்த வேலைகளை உள்ளூர்க்காரர்களுக்கு வாங்கித் தருகிறேன் என்று கிளம்பினால் சங்கப் பிரச்சினையில் முடியும். முதல் இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். டிரைவர், சமையல், செக்யூரிட்டி, தச்சர், பெயின்டர், தையல்காரர், மாட்டு வண்டிக்காரர், பழைய பாத்திரம் வாடகைக்குத் தருபவர் என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கடைசியாக எந்த மாதம் வேலை செய்தார், சொன்ன நேரத்துக்கு வந்தாரா என்று ஒரு வரி எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாத பட்டியல் டெலிபோன் டைரக்டரிதான்.

6. காலண்டர்

சாதாரண மழை அட்டவணை போதாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் விடாமல் வீசும். பார்க்கப் பச்சையாக, மேகமாக, அருமையாக இருக்கும். ஆனால் வெயிலை மென்மையாக்கக் கட்டும் ஸ்கிம்மர் துணி நிற்காது, தென்னை ஓலைச் சத்தத்தில் லைவ் சவுண்ட் எடுக்க முடியாது. பாட்டுக் காட்சிக்குச் சரி, வசனக் காட்சிக்குச் சரிப்படாது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவு. ஆனால் மார்கழியில் விடிகாலையிலேயே ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிடும், அதையும் எழுதுங்கள்.

நீலகிரியைப் பட்டியலில் சேர்த்தால், 2024 மே மாதத்திலிருந்து ஊட்டி செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதைக் குறிப்பிடுங்கள். கோடை சீசனில் அங்கே யூனிட்டை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

7. சின்ன யூனிட்டை வைத்து ஒத்திகை

பெரிய படத்துக்கு முன்னால் ஒரு விளம்பரப் படம், குறும்படம், கல்லூரிப் படம் எதையாவது உங்கள் நடைமுறை வழியாக முழுக்க நடத்திப் பாருங்கள். மனுப் போட்ட நாள், பதில் வந்த நாள், எந்த மேசையில் எத்தனை நாள் தங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் யூனிட்டுக்கே போலீஸ் கடிதம் தாமதமானால் நூற்றைம்பது பேர் யூனிட்டை அழைக்க நீங்கள் தயாரில்லை.

8. இப்போது விளம்பரம்

முதலில் சென்னை. அதுவும் நடிகர்களையோ டைரக்டர்களையோ தேடிப் போக வேண்டாம். புரொடக்‌ஷன் மேனேஜர்கள், ஆர்ட் டைரக்டர்கள், ஒளிப்பதிவாளர்களின் உதவியாளர்கள் போதும். நாலைந்து பேரை மட்டும் அழைத்து, மூன்று நாள் ரெக்கி போல இடங்களைச் சுற்றிக் காட்டுங்கள். பஸ் நிறையக் கூட்டி வந்தால் சுற்றுலாவாகிவிடும். கடைசி நாள் சார் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு அரை மணி நேரச் சந்திப்பு வையுங்கள். எந்த அதிகாரியைப் பார்க்கப் போகிறோம் என்பது முகம் பார்த்துத் தெரிந்தால் வரும் நம்பிக்கை, வழவழ பேப்பரில் அடித்த கையேட்டால் வராது.

அடுத்து கொச்சி. மலையாளக் குழுக்களுக்குப் பொள்ளாச்சி பக்கம், மொழியும் பிரச்சினையில்லை. மூன்றாவதாகப் பெங்களூர், மும்பை விளம்பர ஏஜென்சிகள். படம் ஒன்றுக்கு நாட்கள் குறைவுதான், ஆனால் பணம் உடனே வரும், அடிக்கடி வரும். நவம்பரில் கோவா திரைப்பட விழாவோடு நடக்கும் வேவ்ஸ் ஃபிலிம் பஜார் என்ற சினிமா வர்த்தகச் சந்தையில் ஸ்டால் போடுவதெல்லாம் இதற்கு அப்புறம்.

மானியத்தைக் காட்டிப் போட்டி போடாதீர்கள். உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் அரசுப் பணத்தில் கொடுப்பதை ஒரு வட்டாரத்தால் கொடுக்க முடியாது. "மனுவுக்கு இத்தனை நாளில் பதில்" என்ற ஒரே வாக்குறுதி போதும், அதைக் காப்பாற்ற முடிந்தால்.

9. வெளிநாட்டுக் குழுக்கள்

இவர்கள் நேராக உங்களிடம் வர முடியாது. இந்தியா சினி ஹப் தளம் வழியாக ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதியும், அதற்கான ஃபிலிம் விசாவும் வாங்கித்தான் வர வேண்டும். சுற்றுலா விசாவில் கேமராவோடு வருபவருக்கு உதவாதீர்கள், சிக்கல் உங்களுக்கும் சேர்த்துத்தான். 2023 நவம்பரில் அறிவித்தபடி, வெளிநாட்டுப் படங்கள் இந்தியாவில் செய்யும் தகுதியான செலவில் 40 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும், உச்சவரம்பு 30 கோடி ரூபாய். இதைப் பெற பில்கள் சரியாக இருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் இருக்கும் சமையல்காரரும் வண்டிக்காரரும் ஜிஎஸ்டி பில் கொடுக்க முடியாதவர்கள் என்றால் இந்தக் குழுக்கள் வேறு ஆளைத்தான் தேடும். அந்த வேலையை இப்போதே ஒரு ஆடிட்டரை வைத்து ஆரம்பியுங்கள்.

10. படப்பிடிப்பு இடத்திலிருந்து திரைத்தொழில் மையம் வரை

முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர் "ஃபிலிம் சிட்டி கட்டலாம்" என்பார். ஐதராபாத்தில் ராமோஜி இருக்கிறது, சென்னையைச் சுற்றி ஃப்ளோர்கள் (செட் போட்டு எடுக்கும் ஸ்டுடியோ கூடங்கள்) இருக்கின்றன. நாற்பது வேலை நாள் நிரம்பாத ஃப்ளோர் கடைசியில் கல்யாண மண்டபமாகத்தான் மாறும்.

இங்கே ஏற்கெனவே இருப்பதிலிருந்து தொடங்குங்கள். கணபதி, பீளமேடு பக்கத்துப் பட்டறைகளில் ஒரு கேமரா ரிக்கையோ சண்டைக் காட்சிக்கான இரும்புச் சட்டத்தையோ வரைபடம் கொடுத்தால் செய்து தந்துவிடுவார்கள். சென்னைக்கு அனுப்பி வாங்கத் தேவையில்லை. ஒரே மாதிரி முந்நூறு உடை வேண்டும் என்றால் திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்த பிள்ளைகள் கோவையில் வருடா வருடம் வெளிவருகிறார்கள். முதலில் அன்றன்று எடுத்த ஃபுட்டேஜை நகலெடுத்துப் பாதுகாக்க, பார்க்க, பூர்வாங்க எடிட் செய்ய ஒரு குளிரூட்டிய அறையும் நல்ல இணையமும் ஜெனரேட்டர் பேக்கப்பும் போதும். அந்த அறை நிரம்ப ஆரம்பித்தால் அடுத்தது சப்டைட்டில், டப்பிங், அதற்கும் அடுத்துதான் விஎஃப்எக்ஸ்.

11. கணக்கு எழுதுங்கள்

எத்தனை படம் வந்தது என்ற எண் மேடைக்குத்தான் உதவும். படப்பிடிப்பு நாட்கள், லாட்ஜ் அறை இரவுகள், உள்ளூர் ஆட்களுக்குப் போன கூலி, உள்ளூர் பில் தொகை ஆகிய நான்கையும் ஒவ்வொரு யூனிட் கிளம்பும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பிய பிறகு யாரும் தர மாட்டார்கள். டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டால் கிடைத்துவிடும்.

அதே நோட்டில் இன்னொரு பக்கம் ஒதுக்கி, போன் செய்தும் வராமல் போனவர்களையும் எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், எங்கே போனார்கள், ஏன். ரயில்வே பதில் வரவில்லை, நூறு அறை ஒரே இடத்தில் இல்லை, ட்ரோன் பறக்கவில்லை என்று காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். வருடக் கடைசியில் ஆட்சியரைப் பார்க்கப் போகும்போது முதலில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கொண்டுபோங்கள்.